நாலு ஞாயிறும் ஒரு கேட்டும்

என் மகளுக்கு நான் பூப்பந்து விளையாடக் கற்றுக்கொடுத்தது ஓர் இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றுதான். அவள் உள்ளே, நான் சாலையில். எங்கள் தீவில், ஜெலுத்தோங் பக்கம் வரிசை வீடுகள் இருக்கும் தெருக்களில் மாலை நேரத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. வீட்டுக் கேட்டைச் சாத்தி, அதையே வலையாக வைத்துக்கொண்டு, ஒருவர் கார் நிறுத்தும் இடத்திலும் இன்னொருவர் தெருவிலும் நின்று ஆடுவார்கள். சின்னப் பிள்ளைகள் எப்போதும் உள்பக்கம். கார் வந்தால் வெளியே நிற்கும் பெரியவர் ஓரமாக ஒதுங்க வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டோம்.

ஆனால் நான் வெளியே நின்றதற்குக் காரணம் அது மட்டும் இல்லை. அந்த வீட்டுக்குள் போக எனக்கு அனுமதி கிடையாது.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் நின்றுபோனால் ஓடி வரும் ஆட்களில் ஒருவன். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவதும் என் வேலைதான். "பயப்படாதீங்க, நான் இங்கதான் நிக்கிறேன், கதவு தெறந்துடும், கொஞ்சம் கீழ ஒக்காந்துக்குங்க" என்று தமிழிலும் மலாயிலும் அரைகுறை ஹொக்கியன் சீனத்திலும் தாலாட்டு மாதிரி சொல்வேன். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள் மெல்ல அடங்கிவிடுவார்கள். சிலர் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள்.

அந்தக் குரலை என் வீட்டில் யாரும் கேட்டதில்லை. வீட்டில் புலி, வெளியில் எலி என்பார்களே, அந்த ரகம் நான். சோறு குழைந்தால் கத்துவேன். சாவி காணாமல் போனால் கத்துவேன். அது என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டால் இன்னும் கூடுதலாகக் கத்துவேன். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று பெருமை வேறு. ஒருநாள் என் மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அந்தக் கொணத்த எடுத்துகிட்டு நீங்க வேற எங்கயாச்சும் போய் இருங்க. ஒங்க காடி சத்தம் கேட்டாலே பிள்ள கட்டிலுக்கு அடியில போயி ஒக்காந்துக்குது." என் கார் சத்தத்துக்குத்தான் அப்படி ஒளிகிறாள் என்பது எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஒளிந்து விளையாடப் பிடிக்கும் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சூலியா தெருவில் ஒரு பணமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை மாலைகளில் ஜெலுத்தோங்குக்குப் போய் கேட்டின் முன்னால் நிற்பேன். முதல் சில வாரங்கள் கம்பிகளின் வழியாகச் சும்மா பார்த்துக்கொண்டோம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் கம்பி வழியாக எவ்வளவு நேரம்தான் பேசுவது? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பள்ளிக்குப் போனியா, போனேன். அப்புறம் ஒரு வாரம், இரவுச் சந்தையில் இரண்டு மட்டைகளும் ஒரு குழல் இறகுப்பந்துகளும் வாங்கிக்கொண்டு போனேன். சின்ன மட்டையைக் கம்பி இடைவெளியில் நுழைத்து அவளிடம் கொடுத்தேன்.

கேட்டு என் தலை உயரம். அவளுக்கு அது மலை. முதல் பத்து வாரம் பந்து கம்பியில்தான் மோதியது. "மேல அடிமா, இன்னும் மேல, வானத்தப் பாத்து அடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு பாடத்தை மட்டும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன், ஏனென்றால் கத்தினால் அவள் உள்ளே போய்விடலாம், என்னால் பின்னால் போக முடியாது. ஒருநாள் பந்து கேட்டைத் தாண்டி என் நெற்றியில் வந்து விழுந்தது. அவள் இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சாலை நடுவில் நின்றுகொண்டு அழுதேன். வியர்வை என்று அவள் நினைத்திருப்பாள்.

பந்து கீழே விழாமல் எத்தனை முறை போய் வருகிறது என்று எண்ணுவதுதான் எங்கள் விளையாட்டு. எண்ணுவது அவள் வேலை. பதினைந்து வரைக்கும் தமிழில் சரியாகச் சொல்வாள். அதற்கு மேல் எண்கள் அவளிடம் தகராறு செய்யும். மலாய் வரும், ஆங்கிலம் வரும், பிறகு எல்லாம் கலைந்துவிடும். நாங்கள் பதினைந்தைத் தொட்டதே இல்லை என்பதால் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. என் மனைவி வெளியே வர மாட்டாள். முன் ஜன்னலில் திரை மூடியே இருக்கும். பந்து நின்றால் மட்டும் உள்ளிருந்து, "குளிக்க வா" என்று பிள்ளையைக் கூப்பிடும் குரல் வரும்.

இப்படி ஏழெட்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை மனைவியே கேட்டருகில் வந்து நின்றாள். "ஞாயித்துக்கெழம காலையில பூங்காவுக்குக் கூட்டிகிட்டுப் போங்க. நாலு வாரம் பாப்போம். ஒரு தடவ பிள்ள அழுதுகிட்டு வந்தா, அதோட சரி. அப்புறம் என்னைய கேக்கக்கூடாது."

"அழ மாட்டா" என்றேன்.

"அத நீங்க சொல்லாதீங்க" என்றாள்.

முதல் ஞாயிறு இளைஞர் பூங்காவுக்குப் போனோம். காலை ஏழே காலுக்கு, எங்கள் ஊரில் விடிவதே அப்போதுதான், வெளிச்சம் முழுதாக வந்திருக்கவில்லை. கொடிமலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. புல்லில் ஈரம். ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் வயதானவர்கள் வரிசையாக நின்று மெதுவாகக் கைகளை உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. என் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள். இலைகள் இன்னும் மூடியே இருந்தன.

"மரம் தூங்குதா?"

"ஆமா. ராத்திரி இலைய மூடிக்கும். வெயில் வந்தா எந்திரிக்கும்."

அது எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்றாள். உட்கார்ந்தோம். நான் வாழ்க்கையில் எதற்காகவும் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்ததில்லை. எப்போது விரிந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் விரிந்து, தலைக்கு மேல் பச்சைக் கூரை வந்துவிட்டது. அவள் ஊஞ்சல் ஆடினாள். நான் பின்னால் நின்று தள்ளினேன். ஒவ்வொரு முறையும் அவள் முதுகு என் உள்ளங்கைக்கு வந்து, இளஞ்சூட்டை வைத்துவிட்டுத் திரும்பப் போனது. எனக்குத் தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. சிக்கனமாக மூச்சுவிட்டேன், எதையாவது கலைத்துவிடுவேனோ என்று.

வீட்டுக்குத் திரும்பியதும் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா கேட்டாள்: "அழுதியா?"

"இல்ல."

கேட்டு திறந்து, பிள்ளை உள்ளே போய், கேட்டு மூடியது.

இரண்டாவது ஞாயிறு தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்கா. நாகலிங்க மரத்தின் கீழே விழுந்துகிடந்த பூ ஒன்றை எடுத்து அவள் தன் மூக்கில் வைத்து, பிறகு என் மூக்கில் வைத்தாள். அங்கே பந்து விளையாடலாம் என்று மட்டைகளைக் கொண்டுபோயிருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பையைப் புல்லில் வைத்து நிமிர்வதற்குள், ஒரு குரங்கு பந்துக் குழலைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறி, ஒவ்வொரு பந்தாக எடுத்து இறகைப் பிய்த்துக் கீழே போட்டது. கத்த வாயைத் திறந்தேன். என் மகள் வெள்ளை இறகுகள் சுற்றிச் சுற்றி இறங்குவதை அண்ணாந்து பார்த்துக் கைகளை விரித்து நின்றாள். வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வரும்போது காரில் தூங்கிவிட்டாள், கை நிறைய இறகுகளுடன்.

"அழுதியா?"

"இல்ல. கொரங்கு பேட்மிண்டன் வெளையாடிச்சு."

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரியும். அதைப் பார்த்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மூன்றாவது ஞாயிறு கடலோரமாக, பாடாங் கோத்தா திடலில் காற்றாடி விட்டோம். காற்று நன்றாக இருந்தது. நூலை அவள் கையில் கொடுத்துவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்தேன். அவளும் வந்து என் வயிற்றில் தலை வைத்துப் படுத்தாள். அக்கரையில் பட்டர்வொர்த் நகரம் வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. படகுகள் போகின்றனவா நிற்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை.

"நீங்க இப்ப எங்க தூங்குறீங்க?" என்று கேட்டாள்.

"சூலியா தெருவில. மேல் மாடியில."

"அங்க கேட்டு இருக்கா?"

"இல்லமா. படிதான் இருக்கு."

வயிற்றிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப அங்க எப்படி வெளையாடுவீங்க?"

நான் சிரித்து அவள் தலையைத் தடவிவிட்டேன். பிள்ளைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

நாலாவது ஞாயிறு. அதற்கு முந்தின இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இந்த ஒன்றைக் கடந்துவிட்டால் போதும், ஞாயிறுகள் எனக்குச் சொந்தம். மறுபடியும் இளைஞர் பூங்காவுக்கே போனோம். பூங்காவின் ஒரு பக்கத்தில் சிமெண்டுத் தரையில் கோடு போட்டு யாரோ வலை கட்டியிருந்தார்கள். வலையின் ஒரு பாதியில் ஒரு சீன அப்பா தன் மகளுடன் விளையாடிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையும் என் மகள் வயதுதான். பந்து வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் அழகாகப் போய் வந்தது. அவர் எங்களைப் பார்த்து, வாங்க வாங்க என்று கையசைத்து, மறுபாதியை விட்டுக்கொடுத்தார்.

என் மகள் மட்டையை ஓங்கி அடித்தாள். பந்து நேராக வானத்துக்குப் போனது. காற்று அதைத் தூக்கிப் பக்கத்துப் பாதியில் போட்டது. அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது அடியும் வானம். மூன்றாவது மரக்கிளை. "கீழமா, வல இங்கதான இருக்கு, கொஞ்சமா அடி" என்றேன். தலையாட்டினாள். மறுபடியும் வானம். பந்து அந்தச் சீனப் பிள்ளையின் தலையில் விழுந்தது. அந்தப் பிள்ளை தலையைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அவ்வளவுதான். ஏழெட்டு மாதமாக எங்கே ஒளிந்திருந்ததோ அந்தச் சனியன் பிடித்த குரல், வந்துவிட்டது.

"எத்தன தடவ சொல்றது? கண்ணு தெரியலயா ஒனக்கு? கீழ அடின்னா கீழ அடி!"

பூங்காவே திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது. அவள் மட்டையை மெதுவாகத் தரையில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். பிறகு ஓடினாள். விளையாட்டுத் திடலில் வளைந்து இறங்கும் நீலநிறக் குழாய்ச் சறுக்கு ஒன்று உண்டு. ஏணியில் ஏறி அதற்குள் போனாள். நான் கீழ்வாயில் காத்திருந்தேன். அவள் இறங்கி வரவில்லை. நடுவில் எங்கேயோ கால்களை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். அழுகைச் சத்தம் மட்டும் குழாய் வழியாக வந்தது. கட்டிலுக்கு அடியில் அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன், பார்க்காமலேயே.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எனக்கு மட்டுகூட இல்லை. என் ஞாயிறுகள் போய்விட்டன என்றுதான் முதலில் தோன்றியது, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பிள்ளை அழுகிறதே என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. வெளியே வா என்று கூப்பிட்டேன். வரவில்லை. சறுக்கு விட வந்த பிள்ளைகள் மேலே வரிசையில் நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், வேலையில் செய்வதையே செய்தேன். மணலில் படுத்துக் குழாயின் வாயில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"பயப்படாதமா. நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல. நீ எப்ப வேணும்னாலும் வரலாம். அவசரமே இல்ல. கொஞ்சம் மூச்சு விட்டுக்க."

எத்தனையோ முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்த குரல் அது. பெற்ற பிள்ளைக்கு அப்போதுதான் கொடுத்தேன். அழுகை விக்கலாகி, விக்கல் நின்றது. உள்ளேயிருந்து சின்னக் குரல் வந்தது.

"நான் தப்பாவா அடிச்சேன்?"

"இல்லமா. அப்பாதான் தப்பு."

"கேட்டுக்கு மேல போகணும்லா. நீங்கதானே சொன்னீங்க. வானத்தப் பாத்து அடின்னு."

மணலில் அப்படியே கிடந்தேன். அவளுக்கு வலை என்றால் என்னவென்று யார் காட்டினார்கள்? அவள் அறிந்த பூப்பந்து ஜெலுத்தோங் கேட்டு உயரத்துக்குத்தான் தொடங்கும். இங்கே கேட்டைக் காணோம் என்றாலும், எங்கேயோ ஒன்று இருக்கும், அதைத் தாண்டினால்தான் பந்து அப்பாவிடம் வரும் என்று முழுப் பலத்தோடு அடித்திருக்கிறாள். நான் கற்றுக்கொடுத்ததை ஒரு நூல் பிசகாமல் செய்ததற்குத்தான் அவளைத் திட்டியிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் நீலக் குழாயிலிருந்து இரண்டு சிறிய சப்பாத்துக் கால்கள் வந்தன. பின்னாலேயே அவள் வந்தாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்திருந்தேன். சீன அப்பா எங்கள் மட்டைகளையும் பந்தையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வாசலில் மோட்டார் சைக்கிளில் ஐஸ்கிரீம் விற்பவர் மணியை ஆட்டிக்கொண்டு நின்றார். வாங்கிக்கொடுத்தேன். முகத்தைக் கழுவிவிட்டேன். கண் சிவப்பு குறைந்துவிட்டது. "அம்மா கேட்டா இல்லன்னு சொல்லிடுமா" என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் கேட்டிருப்பாள், அவள் நல்ல பிள்ளை. ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே அவள்தான் கேட்டாள்: "அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அப்பா சொல்றேன்."

ஜெலுத்தோங்குக்கு அவ்வளவு மெதுவாக நான் கார் ஓட்டியதில்லை. மழைக்கு முந்தின அந்த மங்கல் வெளிச்சத்தில் தெருக்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தெரிந்தன. சிவப்பு விளக்கு விழுந்தால் சந்தோஷப்பட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் அவள் பின் இருக்கையில் இருப்பாள்.

மனைவி கேட்டுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தாள். அவள் பிள்ளையைக் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

"இன்னிக்கு அழுதா. நான் கத்திட்டேன். அவ மேல தப்பு இல்ல. நான் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் அடிச்சா, நான்தான் புரிஞ்சிக்கல."

அவள் என்னை நீண்ட நேரம் பார்த்தாள். என்ன நினைத்தாள் என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டைத் திறந்து பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே விட்டாள். வீட்டுக்குள் போனாள். கதவு திறந்திருந்தது, திரை மூடியிருந்தது.

என் மகள் கேட்டின் இரண்டு பக்கங்களையும் தன் முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டுவந்து மூடினாள். கொக்கியையும் மாட்டினாள். சரி, முடிந்தது என்று காரை நோக்கித் திரும்பினேன்.

"அப்பா, எங்க போறீங்க?"

திரும்பிப் பார்த்தேன். கம்பிகளுக்கு நடுவே கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னோட பேட் ஒங்க காடியில இருக்கு."

"எதுக்குமா?"

இவ்வளவுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். "கேட்ட மூடியாச்சுல்ல. இப்பதான வெளையாட முடியும்."

இத்தனை மாதமும் அந்தக் கேட்டு மூடும்போதெல்லாம் என்னைத் துரத்துகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு அது மூடினால்தான் அப்பாவோடு விளையாட்டு ஆரம்பிக்கும். இதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காரைத் திறந்து மட்டைகளை எடுத்தேன். சின்னதைக் கம்பி வழியாகக் கொடுத்தேன்.

முதல் பந்தை வானத்தைப் பார்த்து அடித்தாள். அது கேட்டைத் தாண்டி, சரியாக என் கைக்கு வந்து இறங்கியது. இங்கே அவள் அடி ஒன்றுகூடத் தப்பவில்லை. திருப்பி அனுப்பினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு கார் வந்தது, பந்து மேலே இருக்கும்போதே ஓரமாக ஒதுங்கி எடுத்தேன். எட்டு, ஒம்போது. தூறல் ஆரம்பித்திருந்தது, நாங்கள் நிறுத்தவில்லை. பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. அவள் குரல் தடுமாறியது. அவ்வளவு தூரம் நாங்கள் போனதே இல்லை. பந்து என் மட்டையிலிருந்து எழும்பி மேலே போய்க்கொண்டிருந்தது. "அப்புறம் என்னப்பா?" என்று அவள் கேட்டாள்.

"பதினாறு" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

நான் அசந்து நின்றேன். அதற்குள் அவள் திருப்பி அடித்த பந்து எனக்கு முன்னால் விழப்போனது. எப்படியோ குனிந்து எடுத்துவிட்டேன்.

"பதினேழு" என்றது திரை. "விட்டுடாதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வரும்போது அவளுக்கு ஒரு தொப்பி வாங்கிட்டு வாங்க, வெயில்ல தலவலி வரும். பதினெட்டு."